சனிக்கிழமை சாருக்குப் பதில் ஒரு மெஷின்

கம்பெனியில் அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், தான் இல்லாமலே அந்த வேலை நடக்கும்படி செய்துவிட்டுத்தான் மனுஷன் எழுந்திருப்பார் என்று. பழுது பார்க்கும் பிரிவில் கடைக்குட்டியாகச் சேர்ந்தவர், ஒவ்வொரு வேலையையும் யாரிடமாவது, இல்லை ஏதாவது ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்து ஒப்படைத்தே நிர்வாக இயக்குநர் வரை வந்துவிட்டார். அவர் லீவு போட்டால் ஆபீஸிலிருந்து ஒரு போன்கூட வராது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தப் புத்தியை ஆபீஸோடு விட்டிருக்கலாம். விட்டால்தானே!

மனைவி போன பிறகு சனிக்கிழமைகளில் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அப்படித்தான் பக்கத்துத் தெரு நூலகத்தில், பார்வை இல்லாதவர்களுக்குக் கதை வாசிக்கப் போனார். வாசிப்பு ஒன்றும் பிரமாதம் இல்லை. நடுநடுவே இருமுவார். இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டு அசடு வழிவார். கேட்க வரும் ஏழெட்டுப் பேரும் அவருக்கு 'சனிக்கிழமை சார்' என்று பெயர் வைத்தார்கள். ஆபீஸில் நூறு பேர் சார் போட்டாலும் இந்தச் சாருக்குத்தான் அவர் மனசு குளிர்ந்தது.

அந்தக் கூட்டத்துக்கு நாட்டாமை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆபரேட்டர் அம்மா. ஒருநாள் அவர், "தினமும் இப்படிக் கதை இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்று பெருமூச்சு விட்டார். போதாதா? சாரின் மூளை ஓட ஆரம்பித்துவிட்டது. கம்பெனிப் பிள்ளைகளைக் கூட்டி, எந்தப் புத்தகத்தைக் காட்டினாலும் வாசிக்கும் மெஷின் ஒன்றைச் செய்ய வைத்தார். தேன் மாதிரி குரல். இருமாது, பக்கம் தாண்டாது. நூலகத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். சாரும் சேர்ந்து தட்டினார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், அடுத்த சனிக்கிழமைக்கு என்ன செய்வது என்று உறைத்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறார்! சும்மா போய் நிற்க வெட்கமாக இருந்தது. போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. ஒரு மாதம் கழித்து மகள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"என்னப்பா, நூலகத்துக்குப் போகலையா?"

"அங்க என் வேலை முடிஞ்சுபோச்சும்மா."

"அதான் குரல்ல சுரத்தே இல்லையா?"

போனை வைத்தவர், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மெஷின் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். சத்தம் போடாமல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். கதையில் ஒருவன், நம்பி வந்த சொந்தத் தங்கையையே ஏமாற்றினான். மெஷின் அதையும் அதே தேன் குரலில் சொல்லிவிட்டு மேலே போனது. சாருக்குப் பொறுக்கவில்லை.

"அடப்பாவி! நீ உருப்படுவியா?"

ஆபரேட்டர் அம்மா சட்டென்று கையை நீட்டி மெஷினை நிறுத்தினார்.

"சாரா?"

"ஆமாம்மா. மெஷின் ஒழுங்கா ஓடுதான்னு..."

"ஓடுது, ஓடுது. அதுக்கென்ன கேடு?" அம்மாவின் குரல் சூடாக வந்தது. "உங்களால வர முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார். நாங்க என்ன கட்டியா வச்சிருந்தோம்? பதிலுக்கு ஒரு மெஷினை அனுப்பிட்டு, சொல்லாம கொள்ளாம நின்னுட்டீங்களே!"

சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் இனி யாருக்கும் தேவையில்லை என்று அவர் அங்கே மருகிக்கொண்டிருக்க, தங்களைத் தட்டிக்கழித்துவிட்டார் என்று இவர்கள் இங்கே மருகியிருக்கிறார்கள்.

"ஐயோ, இல்லம்மா. தினமும் கதை வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். தினமும் நீங்க வாங்கன்னு எப்படிக் கேக்கிறது? அவ்வளவு பெரிய கம்பெனியை நடத்துற மனுஷனை!"

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் துடைத்துக்கொள்ளவும் இல்லை. "இனிமே நானே வாசிக்கிறேம்மா" என்று புத்தகத்தை எடுக்கப் போனவர், சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். மெஷினைப் பார்க்க வந்தவருக்கு மூக்குக்கண்ணாடி எடுத்துவரத் தோன்றியிருக்கவில்லை.

"கண்ணாடியை மறந்துட்டேன்" என்றார் திருதிருவென்று விழித்தபடி.

அறையே கொல்லென்று சிரித்தது. ஆபரேட்டர் அம்மாவும் சிரித்துவிட்டார். பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டி, "வந்து இப்படி உக்காருங்க. இன்னிக்கு அது படிக்கட்டும், நீங்க திட்டுங்க" என்றார்.

சார் போய் உட்கார்ந்தார். மெஷின் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அடுத்த பக்கத்திலேயே அந்த அண்ணன்காரன் மறுபடி வந்து, தங்கையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். ஆபரேட்டர் அம்மா மெஷினை நிறுத்தினார். எல்லா முகங்களும் சார் இருந்த பக்கம் திரும்பிக் காத்திருந்தன.