அல்லேலூயாவுக்கு இருபத்திரண்டு படி

"மூட்டுத் தேய்மானம்தான்மா. ஒரு ஆறு கிலோ குறைங்க, வலி நல்லாவே குறையும்" என்றார் லஸ் பக்கத்து எலும்பு டாக்டர், டெல்பினின் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தபடி. "உடம்புல ஒரு கிலோ ஏறினா, நடக்கறப்ப முட்டிக்கு அது நாலு கிலோ. பாரம் மட்டுமில்ல. கொழுப்பு சும்மா உக்காந்திருக்காது. மூட்டை வீங்க வைக்கிற சமாச்சாரத்தையும் ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும். காலையில உங்க விரல் விறைக்கிறதுக்கும் அது ஒரு காரணமா இருக்கலாம்."

"என் கொழுப்பைப் பத்தி இவர் முப்பது வருஷமா சொல்லிக்கிட்டுதான் இருக்கார் டாக்டர்" என்றாள் டெல்பின், கணவர் லியோனார்டைப் பார்த்து.

டாக்டரின் பார்வை லியோனார்டின் வயிற்றில் வந்து நின்றது. "சாருக்கு முட்டி எப்படி?"

"கம்பி மாதிரி."

டெல்பினின் கவலை முட்டியைப் பற்றியதல்ல, மாடியைப் பற்றியது. கோயிலில் பாடகர் மாடிக்குப் போக வளைந்து வளைந்து இருபத்திரண்டு படி. மேலே கீபோர்டு வாசிப்பவர் லியோனார்ட். தவக்காலம் முழுக்கப் பாடாத அல்லேலூயாவை ஈஸ்டர் காலைப் பூசையில் முதலில் எடுப்பவள் டெல்பின். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். கிறிஸ்துமஸிலிருந்து அவள் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஈஸ்டருக்கும் ஏற முடியாவிட்டால் லிண்டா பாடட்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார்.

"லிண்டா நல்லாத்தான் பாடுறா" என்றார் லியோனார்ட் ஆட்டோவில். "அவ எடுக்கிற சுருதிக்குக் கோபுரத்துப் புறாவெல்லாம் அடையாறுக்குப் போயிடும். அவ்வளவுதான்."

மறுநாள் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். வழக்கமாகத் தவக்காலத்தில் டெல்பின் கறியை விட்டுவிடுவாள். அந்தத் துக்கத்தை பஜ்ஜியிலும் அப்பளத்திலும் ஆற்றிக்கொள்வாள். ஞாயிறு நோன்பு நாள் கிடையாது என்பதால் அன்றைக்கு பிரியாணி. நாற்பது நாள் தவம் முடிவதற்குள் இரண்டு கிலோ ஏறிவிடும். இந்த வருஷம் எண்ணெய்ப் பலகாரத்தையும் இனிப்பையும் விட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

"நானும் உன்கூட" என்று லியோனார்ட் நெற்றிச் சாம்பலோடு சத்தியம் செய்தார்.

காலையில் அபிராமபுரத்துத் தெருக்களில் நடை. சாயங்காலம் சீரியல் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தூக்கும் பயிற்சி. அந்த நேரம் பார்த்து லியோனார்ட் பிராக்டிஸ் என்று கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். பக்தி கூடியிருக்கிறது என்று அவள் நினைத்தாள். எழுபத்தெட்டு கிலோ எழுபத்து நாலானது. வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் சுவரைப் பிடிப்பது நின்றது.

ஈஸ்டர் காலை டெல்பின் படியில் கால் வைத்தாள். பிசியோதெரபிப் பெண் சொன்னது போல ஏறும்போது நல்ல கால் முதலில். பதினான்காவது படியில் நின்றாள். மேலே கிடாரோடு ஜாக்சன் எட்டிப் பார்த்தான்.

"மெதுவா வாங்க ஆன்ட்டி. நீங்க இல்லாம அங்கிள் கைக்கு வந்ததை வாசிச்சுக்கினு கீறாரு."

இருபத்திரண்டு. மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, பாட்டுப் புத்தகத்துக்காகக் கீபோர்டு ஸ்டூலின் மூடியைத் தூக்கினாள். புத்தகத்தின் மேல் எண்ணெய் ஊறிய காலிப் பொட்டலங்கள். சமோசா வாசனை.

லியோனார்ட் கூரையைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை நோன்பு கிடையாதுன்னு நீதானே சொல்லுவ?"

"தவக்காலத்துல ஞாயிறு ஆறுதாங்க. இங்க பதினோரு பொட்டலம் இருக்கு."

பதில் சொல்வதற்குள் கீழே மணி அடித்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு டெல்பின் அல்லேலூயாவை எடுத்தாள். பழைய சுருதியிலேயே. லியோனார்டின் விரல்கள் ஒரு தப்பும் இல்லாமல் பின்னால் வந்தன. கீழே லிண்டா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஒரு புறாவும் பறக்கவில்லை.

பூசை முடிந்து இறங்கும்போது, மூன்றாவது படியிலேயே லியோனார்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. முட்டி லேசா... ஒரு மாசமாவே."

டெல்பின் அவருக்கு ஒரு படி கீழே இறங்கி, தோளைக் கொடுத்தாள். "இறங்கும்போது வலிக்கிற காலை முதல்ல வைக்கணும். எந்தக் கால்?"

லியோனார்ட் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும்."

"அப்ப நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ரெண்டையும் எடுத்துக்கிட்டு என்கூட நடக்க வாங்க" என்றாள்.