ஏழு மாத வழவழப்பு

பீர் கம்பெனியின் கழிவுநீரில் நுண்ணுயிர்களை வளர்ப்பது என் வேலை. அவை அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்யும்போதே அவற்றிடமிருந்து கரண்டும் எடுப்போம். ஆரணியில் என் அப்பாவுக்கு இதைப் புரியவைக்கப் பார்த்துக் கைவிட்டுவிட்டேன். செய்யாறு பக்கம் இருக்கும் அந்தக் கம்பெனியில், தொட்டிக்குள் தொங்கும் நாற்பது கார்பன் பிரஷ்களில் நுண்ணுயிர்கள் பழுப்பாக, வழவழவென்று படிவதற்கு ஏழு மாதம் ஆனது.

ஆயுத பூஜை லீவுக்கு அடுத்த புதன்கிழமை தலைமை ஆபீஸிலிருந்து வந்து எவ்வளவு கரண்ட் என்று மீட்டரைப் பார்ப்பதாக இருந்தது. திருப்தியாக இருந்தால் பெரிய பிளாண்ட் வரும். துப்புரவு வேலை பார்க்கும் முனியம்மாவுக்கு அதில் நிரந்தர வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். தெள்ளாரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். பதினோரு வருடமாகக் கான்ட்ராக்ட்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் சாவியை அவளிடம் கொடுத்தேன். "எல்லாத்தையும் பளிச்சுனு தொடச்சி பொட்டு வச்சிடுங்க முனிம்மா." வீட்டில் தறியைத் துடைக்கச் சொல்லிப் பழகிய வாய். சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

லீவு முடிந்து வந்தபோது பம்ப்பிலிருந்து மீட்டர் வரை சந்தனம், குங்குமம். மீட்டரில் பூஜ்யம். பிரஷ்கள் கன்னங்கரேலென்று புதுசுபோல் தொங்கின. பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைத்தது. ஒரு பிரஷைத் தொட்டுப் பார்த்தேன்; வழவழப்பே இல்லை.

"பிரஷ்லல்லாம் பாசி புடிச்சிகினு இருந்துச்சி மேடம். ஒவ்வொண்ணா வெளிய எடுத்துத் தேச்சேன். பொழுதே சாஞ்சிடுச்சி" என்றாள் முனியம்மா. விரல் நுனிகள் வெந்து வெளுத்திருந்தன. முகத்தில் அவ்வளவு பெருமை.

மேனேஜர் தென்னரசு வந்து பார்த்தார். "யாரு இதத் தொடச் சொன்னது?"

"எல்லாத்தையும் தொடைக்கச் சொல்லி மேடம்தான் சொன்னாங்க சார்."

"தொட்டிய நான் சொல்லல சார்" என்றேன். சொல்லவில்லைதான். பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அசிங்கமாக இருந்திருக்காது.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முனியம்மாவிடம் கான்ட்ராக்டரை விட்டுச் சொல்லவைத்தார்கள். சாயங்காலம் கேட் அருகே எனக்காக நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அதுக்கு உசுரு இருந்துச்சாமே மேடம், வாட்ச்மேன் சொன்னாரு."

"ஆமாங்க."

"தெனமும் அதுங்க பக்கத்துலதான் ஒக்காந்து சோறு துன்னேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொட்டிருப்பனா?"

வந்து போனவர்களுக்கெல்லாம், காலேஜ் பிள்ளைகளுக்குக்கூட, படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று இந்த ஏழு மாதத்தில் ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.