மூடியிலிருந்த துளை

டைல்ஸ் போடுகிறவரின் மனைவி அந்தப் பழைய மோட்டார் சைக்கிளைத் தானே தள்ளிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள். மெக்கானிக் எழுந்து வந்து பார்த்தார். முன்விளக்கு உடைந்திருந்தது. ஹேண்டில் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. எப்படி வளைந்தது என்று அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. நாலு மாதத்துக்கு முன், பாலத்தின் மேல், பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. பின்சீட்டில் இருந்த அவளுடைய தம்பி அந்த இடத்திலேயே போய்விட்டான். ஓட்டிய புருஷன் கால் முறிந்து பிழைத்துக்கொண்டார்.

“வித்துரலாம்னு பாக்கறேன் அண்ணே. வாங்க வந்தவர் ஓட்டிப் பாத்தார். பாதி வழியில நின்னுபோச்சுன்னு திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டார். என்னன்னு பாருங்க.”

“வீட்டுக்காரர் எப்படிம்மா இருக்கார்?”

“இருக்கார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அந்த வீட்டு விஷயமும் தெரு அறிந்ததுதான். ‘திடீர்னு வண்டி இழுக்கல, அதான் லாரிக்காரன் வந்து இடிச்சான்’ என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவர் எல்லோரிடமும் சொன்னார். மறுநாள் போலீஸ்காரர் ஒரே உதை உதைத்தார். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. அதோடு அவர் பேச்சு எடுபடவில்லை. வேலைக் களைப்பில் கண் அசந்திருப்பார், இப்போது வண்டி மேல் பழி போடுகிறார் என்று ஊர் முடிவு கட்டியது. மனைவியும் அதைத்தான் நம்பினாள். வேளைக்குச் சோறு வைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள்.

மெக்கானிக் ஹேண்டிலை நிமிர்த்திவிட்டு உதைத்தார். ஒரே உதை. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற ஆள் மாதிரி சமர்த்தாக ஓடியது. அணைத்து, ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றினார். முனை வெளுத்துக் கிடந்தது. கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, வெளுத்திருந்தால் போதவில்லை. கார்புரேட்டரைப் பிரித்தார். அடியில் அழுக்கில்லை. பெட்ரோல் வரும் குழாயை உருவினார். சரம்போலக் கொட்டியது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் அவருக்கு மனசு ஒப்பவில்லை. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்.

மூன்று கிலோமீட்டர் வரை ஒரு குறையும் இல்லை. மேட்டில் ஏறும்போது எஞ்சின் மூச்சு வாங்கியது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினார், வேகம் கூடவில்லை. கியரைக் குறைத்தார், இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றேவிட்டது. பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்தபடி ஒதுங்கிப் போனது.

ஓரமாகத் தள்ளி நிறுத்தி மறுபடி குழாயை உருவினார். இந்தத் தடவை பெட்ரோல் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. டேங்க் மூடியைத் திருகினார். ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. அடுத்த நொடி குழாயிலிருந்து பெட்ரோல் மளமளவென்று கொட்டி அவர் செருப்பை நனைத்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தார். டேங்குக்குள் காற்று போவதற்கென்று அதில் ஒரு சின்னத் துளை இருக்க வேண்டும்; காற்று போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அந்த இடத்தில் கறுப்புப் பசை இறுகிக் கிடந்தது. அவருடைய பட்டறைப் பசை. பூசியதும் அவர்தான்.

நினைவு வந்தது. மழைக்காலத்தில், காலையில் ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது என்று டைல்ஸ்காரர் வந்து நின்றார். மூடி வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தது. டேங்கைக் கழுவிவிட்டு, மூடியைச் சுற்றிப் பசையை அப்பியவர், அவசரத்தில் துளையையும் சேர்த்து அடைத்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு வாரம் டைல்ஸ்காரருக்குப் பக்கத்துத் தெருவிலேயே வேலை. தூரமாகப் போனது விபத்து நடந்த அந்த ஒரு நாள்தான். நின்றுபோன வண்டி சும்மா கிடந்தால், கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும். அப்புறம் போலீஸ்காரர் உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகும், யார் உதைத்தாலும் ஆகும்.

ஒரு குண்டூசி இருந்தால் போதும், துளை திறந்துவிடும். வண்டி விலை போகும். யாருக்கும் எதுவும் தெரிய வராது. சாலையோரக் கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மூடியைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடியே நேராக அந்த வீட்டுக்குப் போனார்.

டைல்ஸ்காரர் நாற்காலியில், காலை முக்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை.

“அன்னிக்கு வண்டி நின்னது உங்க தப்பு இல்ல. நான் செஞ்ச வேலை” என்றார். மூடியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார்.

டைல்ஸ்காரர் மூடியை வாங்கி விரலால் தடவினார். கோபப்படவில்லை. யாரிடம் என்றில்லாமல் பேச ஆரம்பித்தார்.

“பின்னாலேருந்து கேட்டான். ‘ஏன் மாமா ஸ்லோ பண்றீங்க’ன்னு. நான் பண்ணலடா, வண்டி இழுக்கலன்னேன். ‘அப்ப நான் எறங்கித் தள்ளட்டுமா’ன்னான். அவ்வளவுதான்.”

மடித்த துணி அவள் மடியிலிருந்து சரிந்தது.

“இதை ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கலையே.”

அவள் எழுந்து வந்து நாற்காலியருகே தரையில் உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டாள். அவர் கை அவள் தோள்மேல் போய் நின்றது. அவள் அதைத் தள்ளவில்லை. தலை நிமிராமலே சொன்னாள்: “நீங்க போங்க அண்ணே. உங்க முகத்தைப் பாக்க முடியல என்னால.”

மெக்கானிக் அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். “நாலு மாசம் கழிச்சு இதை யாருய்யா கேட்டாங்க?” என்றார் எழுத்தர். “யாரும் கேக்கல சார். எழுதிக்கங்க” என்று மெக்கானிக் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

இரண்டு வாரம் கழித்து டைல்ஸ்காரர் ஊன்றுகோலோடு மெதுவாக நடந்து பட்டறைக்கு வந்தார். மெக்கானிக் பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். இருவரும் ஆளுக்கொரு தேநீர் குடித்தார்கள்.

“அவ உங்க மேல இன்னும் கோபமாத்தான் இருக்கா அண்ணே” என்றார் டைல்ஸ்காரர். “அது போக நாளாகும். ஆனா எங்கிட்ட பேசறா. தெனமும் அவனைப் பத்தித்தான் பேசறோம்.”