ஸ்பிரிட்டும் தண்ணியும்

பெரம்பலூர் நாலு ரோட்டுக்கு ஒரு மைல் இருக்கையில் ராசாங்கத்தின் வாடகை அம்பாசிடர் நாலு தரம் குலுங்கி நின்றது. பின்சீட்டில் லப்பைக்குடிக்காடு பத்ருன்னிசாவும் மகன் அனஸும். விசாவுக்கு இன்றுதான் கடைசி நாள். மூன்றரைக்குள் திருச்சி ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும். மணி ஒன்றே முக்கால்.

மெக்கானிக் வேல்முருகன் டி.வி.எஸ். ஐம்பதில் வந்து பானெட்டைத் திறந்தான். மேட்டில் ஏறினால் டக்டக்கென்று தட்டும் கிழட்டு இஞ்சின் அது. தட்டாமலிருக்க அவன்தான் போன மாதம் குளுக்கோஸ் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, கார்புரேட்டரில் சொட்டும்படி ட்யூப் மாட்டியிருந்தான். பாட்டில் இப்போது காலி.

"இதுல இருந்த தண்ணி எங்கண்ணே?"

ராசாங்கம் ரோட்டைப் பார்த்தார். வாலிகண்டபுரத்தில் பாயம்மா லுஹர் தொழ இறங்கினாங்க, அப்போ பார்த்தா ட்யூப் அடைச்சிருந்தது என்றார்.

"அதான் டேங்குலயே ஊத்திட்டேன்."

"டேங்குலயா?"

"பெட்ரோல்ல இப்ப ஸ்பிரிட்டு கலந்து வருதுன்னு நீதானடா சொன்னே. ஸ்பிரிட்டுல தண்ணி கலக்காதா? எட்டு வருசம் சாராயக்கடையில கலந்தவன்டா நான்."

வேல்முருகன் டேங்குக்கு அடியில் படுத்து ஒரு பாட்டில் பிடித்துக் காட்டினான். மேலே ஆரஞ்சு நிறத்தில் பெட்ரோல். கீழே நாலு விரல் உயரம் தெளிந்த தண்ணீர்.

"தண்ணியக் கண்டதும் ஸ்பிரிட்டு பெட்ரோலை விட்டுட்டு அதுகூட ஓடிப்போயிருச்சு. ரெண்டும் அடியில குந்தியிருக்கு. இஞ்சினு அடியிலேர்ந்துதான் உறிஞ்சும்."

எவ்வளவு நேரமாகும் என்று அனஸ் கேட்டான். இரண்டு மணி நேரமாம்.

பத்ருன்னிசா ரோட்டில் இறங்கிக் கை நீட்டினாள். மூன்று பஸ் நிற்காமல் போயின. நாலாவது நின்றது, படியில் ஒரு ஆள் தொங்க மட்டும் இடமிருந்தது. பெட்டியை ஏற்ற முடியாது என்றான் கண்டக்டர். அனஸ் வேல்முருகனின் செல் நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பாஸ்போர்ட் பையோடு தொற்றிக்கொண்டான். ஏர்போர்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் மறையும்வரை நின்று பார்க்கத்தான் அவள் வண்டி பிடித்திருந்தாள். பஸ் போன புழுதியில் சலாம்கூடக் காதில் விழவில்லை.

நாலு மணிக்கு வேல்முருகனின் செல்லில் அனஸ் கூப்பிட்டான். உள்ளே போய்விட்டானாம், உம்மாவிடம் சொல்லச் சொன்னான். அவள் வாங்கிக் காதில் வைப்பதற்குள் லைன் போய்விட்டது.

அதே நேரம் பார்த்து இஞ்சின் பூப்போல ஓடியது. ராசாங்கம் கதவைத் திறந்து பிடித்தார்.

"பிளேன் கிளம்புறதையாச்சும் பாத்துட்டு வரலாம் பாயம்மா. திருச்சிக்கு விடட்டுங்களா?"

பத்ருன்னிசா மகனின் பெட்டியை மடியில் ஏற்றிக்கொண்டாள்.

"எதுக்கு? அதுலயும் தண்ணி ஊத்தவா? வூட்டுக்கு வுடு."