எலாடியோ தூக்கிய கொடி

எங்கள் ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் முதலில் நடப்பது எங்கள் குழுதான். இருப்பதிலேயே பழைய குழு. நகரசபை மாடத்திலிருந்து பெயர் சொல்லி அழைத்ததும் நாங்கள் நகர வேண்டும். நாங்கள் நகராமல் வேறு எந்தக் குழுவும் நகரக் கூடாது. கொடியில் 'ஊற்றுத் தெருத் தோழிகள்' என்று தைத்தவள் நியேவெஸ். ஆண்டுதோறும் அதைத் தூக்கிக்கொண்டு, "ம், நடங்கடி!" என்று எங்களை விரட்டுபவளும் அவள்தான். போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள், பாவி.

அவள் கணவர் எலாடியோ வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். இழுத்து வந்து, அவளுடைய சமையல் ஏப்ரனை மாட்டி, விழாக் குழம்புக்கு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார வைத்தோம். உரித்துக்கொண்டே அழுதார். நாலைந்து நாளில் சிரிக்கவும் ஆரம்பித்தார்.

விழாத் தலைவர் ஒனோராத்தோவுக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் ஸ்பானிய மொழியில் நூறு பெண்களுக்கு நடுவே ஒரே ஒரு ஆண் நின்றால் போதும், அத்தனை பேரும் 'தோழர்கள்' ஆகிவிடுவோம்.

"இலக்கணம்னு ஒண்ணு இருக்கும்மா அசுன். பேரை மாத்துங்க, இல்லேன்னா அவரை அனுப்பிடுங்க," என்றார் என்னிடம்.

"வருஷா வருஷம் எங்க சட்டியை வழிச்சு வழிச்சுத் தின்னீங்களே, அப்ப எங்க போச்சு உங்க இலக்கணம்?"

எலாடியோ ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தார். "நான் போயிடறேன் அசுன். அவ தைச்ச பேரு என்னால மாற வேணாம்."

அவிழ்த்த முடிச்சை நான் மறுபடி இழுத்துக் கட்டினேன். "உக்காருய்யா! உன்னைத் துரத்திட்டு அந்தக் கொடியைத் தூக்கினா நியேவெஸ் எங்க மூஞ்சில காறித் துப்புவா. இந்த வருஷம் நீதான் தூக்கற."

விழா அன்று சதுக்கம் நிறைந்திருந்தது. ஒனோராத்தோ மாடத்தில் நின்று ஒலிபெருக்கியில் கத்தினார்: "ஊற்றுத் தெருத் தோழர்கள்!"

நாங்கள் அசையவில்லை. மறுபடியும் அழைத்தார். பேண்டு வாத்தியம் நின்றுபோனது.

"எலாடியோ, உன்னைத்தான்யா! நீ ஆம்பளைதானே?"

கூட்டம் சிரித்தது. எலாடியோவின் கழுத்து சிவந்தது. கொடியைக் கீழே போட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் அதை இன்னும் உயர்த்தினார்.

"ஆம்பளைதான், சந்தேகமே வேணாம். ஆனா நீங்க கூப்பிடற குழு இங்க இல்ல. எங்க குழுவைக் கூப்பிடுங்க, வர்றோம்."

எங்களுக்குப் பின்னால் கசாப்புக்காரர்கள் குழு, தடித்தடியான ஆண்கள், பொறுமையிழந்து தரையை உதைத்தார்கள். "தோழிகள்னு சொல்லித் தொலைய்யா! வெயில் மண்டையைப் பொளக்குது!"

ஒனோராத்தோ வாய்க்குள்ளேயே முனகினார்.

"காதுல விழல!" என்றேன்.

"ஊற்றுத் தெருத் தோழிகள்!"

சதுக்கமே கைதட்டியது. நானோ கால் வராமல் நின்றேன். முன்னால் கொடியோடு நின்றவரின் முதுகில் நியேவெஸுடைய அந்த ஏப்ரனின் முடிச்சுதான் கண்ணில் பட்டது. எலாடியோ திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"ம், நடங்கடி!" என்றார்.