மூன்றாவது கூண்டு

காட்டுச்செடி ஒன்றின் சாறு, வெட்டுக்கிளியின் குடலில் இலையைச் செரிக்க வைக்கும் என்சைமைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. இதுதான் அவளுடைய நான்கு வருட ஆராய்ச்சி. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம். அவளுடைய கைடு இந்தக் கண்டுபிடிப்பை மூன்று மாநாடுகளில் மார்தட்டிச் சொல்லிவிட்டு, நான்காவதற்குக் கோட் தைக்கக் கொடுத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆய்வுக்கூடத்தைக் கூட்டுகிற அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"ஏம்மா, சாறு தடவின இலை போடுற கூண்டுல மட்டும் எனக்கு வேலையே இல்லையே. வெறும் இலை போடுற பக்கத்துக் கூண்டுல அள்ள அள்ள எச்சம். இதுல ஒண்ணையும் காணோம். இதுங்க சாப்பிடுதா இல்லையா?"

அவள் குனிந்து கூண்டின் தரையைப் பார்த்தாள். நான்கு வருடமாகக் குடலை அறுத்தாள், அரைத்தாள், கருவியில் வைத்து அளந்தாள். காலையில் போட்ட இலையை மாலையில் எடுத்து வீசும்போது, கடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்ததில்லை. நிறையப் படித்தவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்த மடத்தனம் அது.

அன்றைக்கே மூன்றாவது கூண்டு ஒன்றை வைத்தாள். அதில் சாறும் இல்லை, இலையும் இல்லை, தண்ணீர் மட்டும். மூன்று நாள் கழித்து அளந்தால் அங்கேயும் என்சைம் அதே பாதி. சாறு என்சைமை ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கசப்பில் வாய் வைக்கப் பிடிக்காமல் பூச்சிகள் பட்டினி கிடந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

கைடு அந்த அளவுகள் இருந்த தாளைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இந்தக் கூண்டை யார் வைக்கச் சொன்னது?"

"நானாத்தான் சார் வச்சேன்."

"எடுத்துடு. தேர்வுல இதைப் பத்தி மூச்சு விடக் கூடாது. மீறினா கையெழுத்துக்கு என்கிட்ட வராதே."

அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "முதல்ல பட்டத்தை வாங்கு, அப்புறம் நியாயம் பேசு," என்றார் கணவர். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

தேர்வில் மூன்றாவது கூண்டைக் காட்டியேவிட்டாள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பட்டினி கிடந்தாலும் கிடக்கும், இந்த இலையைத் தொடாதுன்னா அதுதானேம்மா பயிருக்கு வேணும். இந்தக் கூண்டு இல்லேன்னா உன்னைத் திருப்பி அனுப்பியிருப்பேன். யாரோட யோசனை இது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கைடு முந்திக்கொண்டார்.

"நான்தான் வைக்கச் சொன்னேன். பட்டினியைச் சோதிக்காம நான் விடுவேனா?"

சொல்லிக்கொண்டே பேனா மூடியைக் கழற்றி, கையெழுத்துத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எதற்கும் கூச்சப்படாத அந்தக் குணத்துக்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

உண்மை அவள் தொண்டை வரை வந்தது. பேனா ஓடி முடியட்டும் என்று பிடித்து வைத்தாள். ஓடி முடிந்த பிறகும் விடவில்லை.

வெளியே வராந்தாவில் அக்கா காத்திருந்தாள்.

"என்னாச்சும்மா?"

"பாஸ் அக்கா."

"நான் கேட்டதை உள்ள சொன்னியா?"

"சொன்னேன்கா."

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "என் பேரையுமா சொன்னே?"

"ஆமா," என்றாள் அவள். நான்கு வருடத்தில் அந்தப் பெயரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.