சாதாரணத் தலையிடி

விதுர்ஷாவுக்குத் தலையிடி தொடங்கியது, அவளுடைய வீட்டுக்கு வாசல் நிலை வைத்த கிழமையில்.

அவளுடைய வீடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. தன்னாமுனையில், வாவியைப் பார்த்த வளவுக்குள், பழைய வீட்டுக்குப் பக்கத்தில் சுவர் மட்டும் எழும்பிக் கூரையில்லாமல் நின்றது அந்த வீடு. பெண்பிள்ளை இருந்தால் அவளுக்கொரு வீடு வேண்டும். கலியாணம் முடித்து வருகிறவர் அந்த வீட்டுக்குத்தான் வருவார். அவளுடைய அப்பா அருமைநாயகமும் அப்படித்தான் வாகரையிலிருந்து தன் வலையைத் தூக்கிக்கொண்டு அன்னப்பூரணியின் வீட்டுக்கு வந்தவர். வாவியில் பிடிக்கிற இறால் அடுப்புக்குப் போதும், சுவருக்குப் போதாது. அதனால் விதுர்ஷா மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே அன்னப்பூரணி குவைத்துக்குப் போனாள். இடையில் ஒரு தடவை வந்து ஒரு மாதம் நின்றாள். அவ்வளவுதான்.

நெற்றியின் இரண்டு பக்கத்திலும் யாரோ பெருவிரலை வைத்து அமர்த்துவது போலிருக்கும் விதுர்ஷாவுக்கு. பள்ளிக்கூடத்தில் மேசையில் தலையைப் போட்டுக்கொள்வாள். வீட்டுக்கு வந்தால் சோறு வேண்டாம் என்பாள். சமைத்துப் போடுகிற பெரியம்மா சீதேவிப்பிள்ளைக்கு அது பிடிப்பதில்லை.

“தாய் போன்ல வந்தாச் சிரிப்பு, வெச்சாத் தலையிடி. இது எந்த ஊர் வருத்தம் கா?” என்பாள். திட்டிவிட்டு, கொத்தமல்லி அவித்து ஆற்றிக் கொண்டுவந்து தலைமாட்டில் வைப்பதும் அவள்தான்.

நிலை பிழை என்று கண்டுபிடித்ததும் அவள்தான். “தெக்கப் பாத்து நிலைய வெச்சா அந்த வீட்டுக்குரிய புள்ளைக்கு என்ன நடக்கும்? அதான் தலையில இடிக்கிது.”

அன்னப்பூரணி குவைத்திலிருந்து போனில் புருஷனிடம் அழுதாள். “இஞ்சருங்க, அந்த நிலையக் கழட்டுங்க. எனக்கு என்ர புள்ளதான் முக்கியம்.”

ஏறாவூரிலிருந்து வந்த மேசன் முத்தலிப் தலையைச் சொறிந்தார். “நிலைக்குத் தலையிடி எண்டா நான் மருந்து செய்வன் தம்பி. புள்ளைக்கு எண்டா டொக்டர்ட்டயெல்லோ காட்டணும்?” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சுவரை உடைத்து, வேப்பமர நிலையைக் கழற்றி, கிழக்கே பார்த்து வைத்துக் கொடுத்தார்.

அன்று அன்னப்பூரணி வேலை செய்கிற வீட்டுக்காரர்கள் எங்கோ விருந்துக்குப் போயிருந்தார்கள். காலையிலிருந்து பின்னேரம் வரை அவள் போனிலேயே நின்றாள். விதுர்ஷா அம்மாவைக் கையில் ஏந்திக்கொண்டு வளவெல்லாம் நடந்தாள். “இது குசினி அம்மா. இது உங்கட அறை. இதில நிண்டா தோணி வாறது தெரியும், பாருங்க.” அன்று அவளுக்குத் தலை இடிக்கவேயில்லை.

“பாத்தீங்களா தம்பி!” என்று அருமைநாயகத்திடம் சொல்லிப் பெரியம்மா தேங்காய் உடைத்தாள்.

அடுத்த நாள் காலையில் தலையிடி திரும்பி வந்தது. விதுர்ஷா யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்து, ரீச்சர் ஆளனுப்பிய பிறகுதான் அருமைநாயகத்துக்குத் தெரிந்தது.

அந்த மாதத்தோடு அன்னப்பூரணியின் ஒப்பந்தம் முடிகிறது. கூரைக்காக மறுபடியும் கையெழுத்து வைக்க வேண்டும், அல்லது வந்துவிட வேண்டும். “டொக்டர் பெரிய வருத்தம் எண்டு சொன்னா நான் கையெழுத்து வெக்க மாட்டன். அடுத்த பிளேன்ல வந்திருவன்” என்றாள். விதுர்ஷா பக்கத்தில் நின்று அதைக் கேட்டாள்.

டொக்டர் பஸ்னாவின் கிளினிக்கில் நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். டொக்டர் கண்ணைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், கழுத்தை மடக்கச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்.

“பயப்பட ஒண்டுமில்ல” என்றார். “இந்த வயசில தலையிடி வராத புள்ளையத் தேடித்தான் பிடிக்கணும். இண்டைக்கு வந்ததுகள்லயும் கனபேருக்கு இதுதான். சரியான சாதாரணம்.”

விதுர்ஷாவின் முகம் விழுந்துவிட்டது.

“வேற ஒண்டும் இல்லயா டொக்டர்?” என்றாள். “இன்னொருக்கா நல்லாப் பாருங்களன்.”

டொக்டர் பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “காலையில சாப்பிடுறயா மகள்?”

“சில நாள்.”

“நித்திரை?”

“வரும்... கொஞ்சம்.”

“சரி, எப்ப இந்தத் தலையிடி வராம இரிக்கும்?”

விதுர்ஷா சட்டை நுனியைத் திருகினாள். “அம்மா போன்ல கதைக்கிற நேரம் வராது. நிலை மாத்தின அண்டைக்கும் வரல்ல. அண்டைக்கு அம்மா பின்னேரம் வரைக்கும் போன்ல நிண்டவ.”

டொக்டர் அருமைநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார். “சாதாரணம் எண்டா நோ இல்ல எண்டில்ல. இவவுக்கு நல்லா நோகுது. நேரத்துக்குச் சாப்பாடு, தண்ணி, நித்திரை. மற்றதை அவட உம்மாவோட கதைச்சுப் பாருங்க.”

இருவரும் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார்கள்.

வெயில் தாழும் நேரத்தில் அன்னப்பூரணி வீடியோ கோல் எடுத்தாள். “டொக்டர் என்ன சொன்னவ? மறைக்காமச் சொல்லுங்க.”

“பயப்பட ஒண்டுமில்லயாம் அன்னம். இந்த வயசில கனபேருக்கு வாறதாம். சாதாரணமாம்.”

அவள் அழுதாள், அழுதபடியே சிரித்தாள். “முருகா! நான் இஞ்ச ஒரு வாய் சோறு திங்கல்ல, தெரியுமா? மூளையில என்னவோ எண்டு நினைச்சிட்டன். அப்ப நாளைக்குக் கையெழுத்த வெக்கிறன். கூரையப் போட்டிட்டு ஒரேயடியா வந்திருவன், என்ன?”

“அன்னம், பொறு. டொக்டர் இன்னொண்டும் சொன்னவ...”

விதுர்ஷா அப்பாவைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். அம்மா இப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாயிற்று. அம்மாவின் கண்ணுக்குக் கீழே கறுப்பு வேறு. அவள் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

“காலையில சாப்பிடட்டாம் அம்மா. அதான் சொன்னவ. எங்கட வகுப்பிலயும் பாதிப் பேருக்கு இரிக்கி. மேனுகாவுக்கும் இரிக்கி.”

“இப்ப இடிக்கிதா மகள்?”

“இல்லம்மா.”

“கூரைக்கு ஓடு போடுவமா, அஸ்பெஸ்டஸ் சீற் போடுவமா? உன்ர வீடு, நீதான் சொல்லணும்.”

“ஓடு” என்றாள் விதுர்ஷா. “சிவப்பு ஓடு.”

போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் புது வீட்டுப் பக்கம் போனாள். அருமைநாயகம் கொஞ்சம் பொறுத்துப் பின்னால் போனார். கிழக்கே பார்த்து வைத்த நிலையில், குளிர்ந்த மரத்தில் நெற்றியை அழுத்திக்கொண்டு அவள் நின்றாள். அவர் தன் கையை அந்த மரத்துக்கும் அவளுடைய நெற்றிக்கும் இடையில் நுழைத்தார். நெற்றி நரம்பு துடித்தது.

“நல்லா இடிக்கிதா?”

“கொஞ்சம்.”

“அம்மாட்டச் சொல்லட்டா மகள்? இப்பயும் சொல்லலாம்.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. “வேணாம் அப்பா. சாதாரணம்தானே.”

பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அருமைநாயகம் கையை எடுக்கவில்லை.